நடுவில் யாரும் வேண்டாம்!

1991-ம் வருடம். அமெரிக்காவின் மாபெரும் எலெக்ட்ரானிக்ஸ் கண்காட்சியான சி.இ.எஸ். டி.வி., ஸ்டீரியோ கம்பெனிகள் எல்லாம் அரங்குக்குள் ஜம்மென்று உட்கார்ந்திருந்தன. வீடியோ கேம் கம்பெனிகளுக்கு? கடைக்கோடியில் ஒரு கூடாரம்! 'அந்த மாதிரி' படம் விற்கிறவர்களின் கடைகளைத் தாண்டித்தான் அங்கே போகவே முடியும். போதாக்குறைக்கு அடைமழை வேறு. கூடாரம் ஒழுகி, செகா கம்பெனியின் புத்தம்புது ஜெனிசிஸ் கருவிகள் மேல் தண்ணீர் சொட்டியது.

செகாவின் அமெரிக்கத் தலைவர் டாம் காலின்ஸ்கேவுக்கு ரத்தம் கொதித்தது. 'இனி இந்தப் பக்கமே வரக் கூடாது' என்று அன்றே முடிவு கட்டியதாகப் பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார். வேறு சில கம்பெனிகளுக்கும் இதே எரிச்சல்தான். விளைவு, 1995 மே மாதம் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் வீடியோ கேமுக்கென்றே தனியாக ஒரு கண்காட்சி. பெயர், இ3.

திருவிழா என்றால் திருவிழா. ஆனால் ஒரு விசேஷம், சாமியைத் தவிர எல்லோரும் உள்ளே போகலாம்! ஆமாம், காசு கொடுத்து கேம் வாங்கி ஆடுகிற ரசிகனுக்கு அங்கே அனுமதி கிடையாது.

ஏன் அப்படி? அந்தக் காலத்து வியாபாரக் கணக்கு அது. கிறிஸ்துமஸுக்கு விற்க வேண்டிய சரக்குக்குக் கடைக்காரர்கள் பல மாதம் முன்பே ஆர்டர் போட்டாக வேண்டும். கடை அலமாரியில் இடமோ கொஞ்சம்தான். எந்த கேம் அதில் உட்காரும் என்று முடிவு செய்கிறவர் கடைக்காரர். அதற்குத் தம்பட்டம் அடிக்கிறவர் பத்திரிகைக்காரர். இந்த இரண்டு பேரையும் மயக்கிவிட்டால் போதும், ரசிகன் தானாக வருவான். கேம் கம்பெனித் தலைவர்கள் கண்ணுக்கு 'வாடிக்கையாளர்' என்று தெரிந்தவர் கடைக்காரர்தான்.

அந்தக் கடைக்காரரைப் பகைத்துக்கொண்டால் என்ன ஆகும்? முதல் இ3-யிலேயே பாடம் நடந்தது. பாடம் கற்றவர் நம்ம காலின்ஸ்கே! செப்டம்பரில் வருவதாக இருந்த 'சாட்டர்ன்' கருவி இன்றைக்கே கடையில் கிடைக்கும், விலை 399 டாலர் என்று மேடையில் குண்டு போட்டார். ஜப்பான் தலைமையகத்தின் உத்தரவு அப்படி. ஆனால் சரக்கு போயிருந்தது நாலே நாலு பெரிய கடைக்காரர்களுக்கு மட்டும். மற்றவர்கள் கொதித்துப் போனார்கள். கே.பி. டாய்ஸ், செகா பொருள்களை விற்பதையே நிறுத்திவிட்டது.

அதே கண்காட்சியில் சோனியின் முறை வந்தது. ஸ்டீவ் ரேஸ் என்கிற அதிகாரி மேடை ஏறினார். மைக்கில், '299' என்றார். இறங்கிப் போய்விட்டார். அவ்வளவுதான் பேச்சு! பிளே ஸ்டேஷனின் விலை அது. போட்டியாளரைவிட நூறு டாலர் குறைவு. கைதட்டலில் அரங்கம் அதிர்ந்தது. 2001-ல் செகா, கருவி தயாரிக்கும் தொழிலையே விட்டு வெளியேறியது.

இந்தக் கூட்டத்தில் வித்தியாசமான ஒரு மனிதர் சடோரு இவாட்டா. கம்ப்யூட்டர் புரோகிராமராக வாழ்க்கையைத் தொடங்கியவர். கடனில் மூழ்கிக்கொண்டிருந்த ஹால் என்கிற சின்ன கம்பெனிக்கு 1993-ல் தலைவராகி அதைக் கரை சேர்த்தவர். 2002-ல் நின்டென்டோவின் தலைவர். அதற்கு முன்னால் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் எல்லாம் யமவுச்சி குடும்பத்தார். 2005-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில், கேம் உருவாக்குகிறவர்களின் மாநாட்டில் பேசும்போது சொன்னார்: 'என் விசிட்டிங் கார்டில் நான் கம்பெனித் தலைவர். மனசில் நான் கேம் உருவாக்குகிறவன். இதயத்தில் நான் கேம் ஆடுகிறவன்.'

வசனம் நன்றாக இருக்கிறது. ஆனால் சோதனை வரும்போதல்லவா தெரியும்?

2011-ல் வந்தது. அந்த வருடத் தொடக்கத்தில் வெளியான 3டிஎஸ் கருவி எதிர்பார்த்தபடி விற்கவில்லை. ஆகஸ்டில் விலையைத் தடாலென்று வெட்டினார்கள். அமெரிக்காவில் 250 டாலர் பொருள் 170 டாலருக்கு வந்தது. இதில் ஏமாந்தது யார்? முதல் நாளே ஓடிப்போய் வாங்கிய தீவிர ரசிகன்தான். நம்பினவனுக்குத்தான் நஷ்டம். இவாட்டா அவர்களிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். இருபது கேம்களை இலவசமாகக் கொடுத்தார். தன் சம்பளத்தில் பாதியை வெட்டிக்கொண்டார்.

இரண்டே மாதம். அக்டோபரில் 'நின்டென்டோ டைரக்ட்' என்ற வீடியோ நிகழ்ச்சியைத் தொடங்கினார். மேடை இல்லை, அரங்கம் இல்லை, அழைப்பிதழ் இல்லை. கேமராவுக்கு முன்னால் தலைவர் நிற்பார். 'நேரடியாக உங்களுக்கே' என்று சொல்லி, இரண்டு கைகளையும் நெஞ்சருகிலிருந்து நம்மை நோக்கி நீட்டுவார். புது கேம் பற்றிய செய்தி பத்திரிகைக்காரருக்கும் பள்ளிக்கூடப் பையனுக்கும் ஒரே நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. 2013-ல் இ3-யின் பிரம்மாண்ட மேடை நிகழ்ச்சியையே நின்டென்டோ கைவிட்டது.

நடுவில் இருந்தவர்களை எடுத்தாயிற்று. சுபம்தானே?

இல்லை! நடுவில் இருக்கிற சுவர், வெயிலையும் தடுக்கிறதே. 2015 ஜூனில் நின்டென்டோ வெளியிட்ட இ3 வீடியோவில் இவாட்டாவே பொம்மலாட்டப் பொம்மையாக வந்தார். ரசிகர்கள் சிரிக்கவில்லை, சீறினார்கள். எதிர்பார்த்த கேம்கள் வரவில்லையாம். ஒரு கேமை ரத்து செய்யச் சொல்லிக் கையெழுத்து வேட்டை கூட நடந்தது. முந்தைய வருடம்தான் பித்தநாளத்தில் கட்டிக்காக அறுவைச் சிகிச்சை செய்துகொண்டிருந்த மனிதர், பொறுமையாகப் பதில் எழுதினார்: கருத்துகளுக்கு நன்றி, உங்கள் எதிர்பார்ப்பை நிறைவேற்றப் பாடுபடுகிறோம். ஜூலை 11 அன்று இறந்துபோனார். வயது 55.

அப்புறம் இ3 என்ன ஆயிற்று? 2017-ல்தான் 15,000 டிக்கெட் விற்று, பொதுமக்களுக்குக் கதவைத் திறந்தார்கள். ஆனால் ரசிகன் அதற்குள் வீட்டிலிருந்தே எல்லாம் பார்க்கப் பழகிவிட்டான். கேமையும் கடைக்குப் போகாமலே டவுன்லோட் செய்ய ஆரம்பித்துவிட்டான். 2019-ல் சோனி வரவில்லை. 2020-ல் கொரோனா. கடைசியில் 2023 டிசம்பர் 12-ம் தேதி, இ3 இனிமேல் கிடையாது என்று அறிவித்துவிட்டார்கள்.

ரசிகனை நேரில் சந்தித்தவருக்குத் திட்டு கிடைத்தது, வாஸ்தவம். ஆனால் திட்டுகிற ரசிகன் மறுநாளும் வருவான். வாசலிலேயே நிற்க வைக்கப்பட்டவன் சத்தமில்லாமல் வேறு பக்கம் போய்விடுவான்.