வேலூர் லேபில் படித்தவர்கள் எங்கே போனார்கள்?

பொங்கல் லீவுக்கு மாரண்டஹள்ளி போயிருந்தபோது வீட்டில் ஒரே பேச்சுதான். அக்கா மகள் எம்.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி முடித்துவிட்டாள். நரம்பியல் ஆராய்ச்சி லேப் ஒன்றில் பிஎச்.டி.க்கு இடம் கிடைத்திருக்கிறது. ஐந்து வருஷம், ஆறும் ஆகலாம். உதவித்தொகை உண்டு. ஆனாலும் அக்காவுக்கு மனசு ஆறவில்லை.

"ஏன்டா தம்பி, அங்க இதுக்கு முன்னாடி படிச்ச புள்ளைங்க எல்லாம் இப்ப என்ன பண்ணுதுங்க? அதை மட்டும் பாத்துச் சொல்லு. மூளையைப் பத்திப் படிச்சா மூளை சம்பந்தப்பட்ட வேலைதானே கிடைக்கும்? அது நம்ம பக்கம் எங்க இருக்கு?"

நான் படித்தது பி.இ., பிழைப்பு சாஃப்ட்வேர். ஆராய்ச்சி என்பது எனக்கு ராத்திரி பத்து மணிக்கு மேல் செய்கிற வேலை. ஆனால் அக்கா கேட்டது சரியான கேள்வி என்று பட்டது. அந்த லேபின் பழைய மாணவர் பட்டியலைப் பார்த்தேன். எல்லாரும் பத்து வருஷத்துக்குள் வெளியே வந்தவர்கள், பாதி வழியில் இருக்கிறவர்கள். பஸ் பாதி தூரம் போயிருக்கும்போது அது எந்த ஊரில் போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. கடைசி ஸ்டாப் வரைக்கும் ஓடி முடித்த ஒரு பழைய லேப் வேண்டும். தேடினால் அது நமக்குத் தெரிந்த வேலூரிலேயே இருந்தது.

ஆஸ்பத்திரிக்குள் ஒரு லேப்

எங்க பக்கத்தில் "வேலூருக்குக் கொண்டு போங்க" என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். தர்மபுரியில் முடியாது, சி.எம்.சி.க்குப் போகணும். கிருஷ்ணகிரி, வாணியம்பாடி, ஆம்பூர் வழியாக அப்படிப் போய்வராத குடும்பம் எங்கள் தெருவில் குறைவு. அந்த ஆஸ்பத்திரிக்குள் ஒரு நரம்பு வேதியியல் ஆய்வுக்கூடம் பல பத்தாண்டுகள் ஓடியது என்பது எனக்கே நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது.

கதை 1949-இல் தொடங்குகிறது. கனடாவின் மான்ட்ரியாலில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயிற்சி பெற்ற ஜேக்கப் சாண்டி, அந்த வருஷம் சி.எம்.சி.யில் இந்தியாவின் முதல் நரம்பு அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். கத்தி பிடிக்கிறவர் மட்டும் இருந்தால் போதாது, மூளையின் வேதியியலைப் பார்க்கவும் ஆள் வேண்டும் என்பது அவர் எண்ணம். அப்படி 1950-களின் பிற்பகுதியில் வேலூர் வந்தவர் பிமல் குமார் பச்சாவத். கல்கத்தாக்காரர். அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. முடித்து, மைனர் கூன் என்பவரோடு வேலை செய்தவர்.

அங்கே அவர் செய்த வேலை நம் வீட்டு மருந்து டப்பா வரைக்கும் வந்திருக்கிறது. லூசின் என்ற அமினோ அமிலம் உடம்பில் உடையும்போது நடுவில் எச்.எம்.ஜி. கோஏ என்று ஒரு பொருள் உண்டாகிறது. அதை ஒரு நொதி இரண்டாக வெட்டுவதைக் காட்டிய 1955-ஆம் ஆண்டுக் கட்டுரையில் பச்சாவத்தின் பெயர் இருக்கிறது. அதே எச்.எம்.ஜி. கோஏ-தான் கொலஸ்ட்ரால் உண்டாகிற பாதையின் வாசற்படியும். அப்பா ராத்திரி சாப்பிடுகிற ஸ்டாட்டின் மாத்திரை அந்த வாசலில்தான் கதவடைக்கிறது.

அமெரிக்காவிலேயே இருந்திருக்கலாம். வேலூர் வந்து ஆட்டு மூளையை அரைக்க ஆரம்பித்தார். கிண்டலுக்குச் சொல்லவில்லை. அந்த லேபின் ஆரம்பக் கட்டுரைகளில் 'செம்மறியாட்டு மூளையிலிருந்து' இந்த நொதியைப் பிரித்தோம், அந்த நொதியைச் சுத்தம் செய்தோம் என்றுதான் தலைப்பே இருக்கும். நாம் ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் கேட்டு வாங்குகிற அதே மூளை.

1963: ஆறு பெயர்

மெட்டாகுரோமாட்டிக் லூக்கோடிஸ்ட்ரோபி என்று ஒரு பரம்பரை நோய். குழந்தை நன்றாகப் பிறக்கும், உட்காரும், நடக்கும். பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு வயதில் நடை தடுமாறும். பிறகு பேச்சு போகும், விழுங்குவது போகும். நரம்பைச் சுற்றியிருக்கும் மயலின் உறை அழிவதுதான் காரணம். அந்த உறையில் சல்ஃபடைடு என்ற கொழுப்பு குவிகிறது என்பது முன்பே தெரியும். ஏன் குவிகிறது?

1963-இல் ஜர்னல் ஆஃப் நியூரோகெமிஸ்ட்ரியில் வந்த ஒரு கட்டுரை அதற்கு விடை காட்டியது. அந்தக் கொழுப்பை உடைக்கவேண்டிய சல்ஃபடேஸ் வகை நொதி இந்த நோயாளிகளிடம் மிகக் குறைவு. குப்பை சேர்வதற்குக் காரணம் குப்பை அதிகமானது இல்லை, அள்ளுகிற ஆள் வராதது. கட்டுரையின் ஆசிரியர்கள் ஆறு பேர்: ஆஸ்டின், பாலசுப்ரமணியன், பட்டாபிராமன், சரஸ்வதி, பாசு, பச்சாவத். முதல் பெயர் ஜேம்ஸ் ஆஸ்டின், அமெரிக்க நரம்பியல் மருத்துவர். ஜென் தியானத்தையும் மூளையையும் பற்றி 1998-இல் பெரிய புத்தகம் எழுதினாரே, அதே ஆஸ்டின். கடைசிப் பெயர் லேபின் தலைவர்.

கண்டுபிடிப்புக்கு என்ன ஆனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நொதி தெரிந்ததால் பரிசோதனை வந்தது. பிறகு மரபணு தெரிந்தது. 2024 மார்ச்சில் இந்த நோய்க்கான மரபணு சிகிச்சைக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்தது. விலை 42.5 லட்சம் டாலர். 61 வருஷம் ஓடிய ஒரு சங்கிலியின் முதல் கண்ணிகளில் ஒன்று வேலூரில் இருக்கிறது.

விலாசத்தைப் பின்தொடர்வது

எங்கள் தொழிலில் ஒரு கோடு வரியை யார் எழுதினார், பிறகு அவர் எந்தெந்த புராஜெக்டில் கை வைத்தார் என்று பார்க்க ஒரு கட்டளை உண்டு. ஆராய்ச்சிக் கட்டுரைகளில் அந்த வேலையைச் செய்வது பெயருக்குக் கீழே இருக்கும் விலாசம். அதை வருஷ வாரியாகப் பிடித்துக்கொண்டே போனால் ஆள் எங்கே போனார் என்று தெரிந்துவிடும். அப்படிப் பார்த்ததில் நான்கு பாதைகளை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

*அங்கேயே இருந்தவர்.* ஏ.எஸ். பாலசுப்ரமணியன். 1963 கட்டுரையில் இரண்டாவது பெயர். 1993-இல் ஃபாஸெப் ஜர்னலில் கோலினெஸ்டிரேஸ் நொதிகளைப் பற்றி அவர் எழுதிய ஆய்வுக் கண்ணோட்டத்திலும் விலாசம் வேலூர்தான். 30 வருஷம், அதே ஆஸ்பத்திரி. குரு 1970-களின் நடுவில் கல்கத்தாவுக்கு இயக்குநராகப் போன பிறகும் லேபை நடத்தி, அடுத்த தலைமுறையை உருவாக்கினார்.

*ராகிக்குப் போனவர்.* டி.என். பட்டாபிராமன், மூன்றாவது பெயர். வேலூரில் ஆட்டு மூளையின் நொதிகளைச் சுத்தம் செய்தவர். பிறகு மணிப்பால் கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரி. 1981-இல் பயோகெமிக்கல் ஜர்னலில் சிவராஜோடு சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார். எதைப் பற்றி? கேழ்வரகு! படித்ததும் நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். களி தின்று வளர்ந்தவன் நான். ராகிக்குள் இருக்கும் ஒரு சின்னப் புரதம், மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ், புரதத்தை உடைக்கும் டிரிப்சின் இரண்டையும் மறிக்கிறது. அதுவும் ஒன்றை விட்டு ஒன்றை இல்லை, ஒரே நேரத்தில் இரண்டையும். விதைகள் பூச்சிகளிடமிருந்து தங்களைக் காத்துக்கொள்ள வைத்திருக்கும் பூட்டுகளில் இது ஒன்று. 1990-களில் ஐரோப்பிய ஆய்வாளர்கள் இதே ராகிப் புரதத்தின் வடிவத்தைத் தீர்த்து, அது ஒரு புழுவின் அமைலேஸை எப்படிக் கவ்விப் பிடிக்கிறது என்று படமே போட்டுவிட்டார்கள்.

மூளையிலிருந்து ராகிக்கு எப்படிப் போக முடிந்தது? அரைத்து, வடிகட்டி, உப்பில் படியவைத்து, ஒரு நொதியை மட்டும் தனியாக எடுக்கும் கைப்பழக்கம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

*கொட்டமுத்தைப் பிடித்தவர்.* அவதேஷ் சுரோலியா. ராஜஸ்தானில் பிறந்து, வேலூரில் பச்சாவத்திடம் பிஎச்.டி. செய்தவர். 1975-இல் நேச்சர் இதழில் பச்சாவத், பொத்தார் இருவரோடும் சேர்ந்து ஒரு கட்டுரை. ஆமணக்கு விதையில் சர்க்கரையைத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்ளும் ஒரு புரதம் உண்டு, லெக்டின் என்பார்கள். மூளையில் நிறைய இருக்கும் கேங்லியோசைடு என்ற கொழுப்பை வைத்து லிபோசோம் என்ற நுண்ணிய கொழுப்புக் குமிழிகள் செய்து, அவற்றோடு அந்த லெக்டின் எப்படி ஒட்டுகிறது என்று பார்த்தார்கள். கொட்டமுத்துப் புண்ணாக்கை வயலுக்குப் போடலாம், மாட்டுக்கு வைக்கக்கூடாது என்று எங்க பாட்டிக்கே தெரியும். அதன் நஞ்சும் இந்த லெக்டினும் ஒரே குடும்பம்.

சுரோலியா பிறகு பெங்களூரு ஐ.ஐ.எஸ்.சி.யில் பேராசிரியர். 1987-இல் பட்நாகர் விருது. இதே விருதை 1962-இல் குரு வாங்கியிருந்தார். 2001-இல் நமிதா சுரோலியாவோடு சேர்ந்து, பற்பசையிலும் சோப்பிலும் போடுகிற டிரைக்ளோசான் மலேரியாக் கிருமியைத் தடுக்கிறது என்று நேச்சர் மெடிசினில் எழுதினார். பின்னாளில் டெல்லி தேசிய நோயெதிர்ப்பியல் நிறுவனத்தின் இயக்குநர்.

அந்தக் கொழுப்புக் குமிழிகளை குருவும் விடவில்லை. பச்சாவத் கல்கத்தாவிலிருந்து டெல்லிப் பல்கலைக்கழகம் போய், ஆம்ஃபோடெரிசின் பி என்ற பூஞ்சைக்கொல்லி மருந்தை லிபோசோமுக்குள் வைக்கும் வேலையில் இறங்கினார். அப்படி வந்த இந்தியத் தயாரிப்பு மும்பை கே.இ.எம். ஆஸ்பத்திரியில் நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது. அவர் 1996-இல் காலமானார். 2021-இல் கொரோனாவுக்குப் பின்னால் கறுப்புப் பூஞ்சை வந்தபோது நாடு முழுக்க ஓடி ஓடித் தேடினோமே, லிபோசோமல் ஆம்ஃபோடெரிசின், அந்த வகை மருந்துதான் அது.

*கோயம்புத்தூருக்குப் போனவர்.* ஆர். பூபதி. இவர் பாலசுப்ரமணியனின் தலைமுறைக்கு அடுத்தவர். 1985-இல் இருவரும் சேர்ந்து இரத்தத்தில் இருக்கும் சூடோகோலினெஸ்டிரேஸ் என்ற நொதியைப் பற்றி எழுதினார்கள். பூச்சிமருந்து உடம்பில் ஏறிய ஆளைக் கொண்டு போனால் டாக்டர் இரத்தத்தில் அளந்து பார்ப்பது இந்த நொதியைத்தான். பூபதி பிறகு பாரதியார் பல்கலைக்கழகம் போனார். அங்கிருந்து 2006-இல் அவர் குழு ஒரு கட்டுரை எழுதியது. வைசிய சமூகத்தில் சிலருக்கு இந்த நொதி வேலையே செய்வதில்லை, காரணம் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாற்றம்.

அவர்கள் சாதாரணமாக ஆரோக்கியமாகத்தான் இருப்பார்கள். ஆபரேஷன் தியேட்டரில்தான் ஆபத்து. மயக்கம் கொடுக்கும்போது தசையைத் தளர்த்தப் போடும் சக்சினில்கோலின் ஊசி மற்றவர்களுக்குச் சில நிமிடங்களில் இறங்கிவிடும், ஏனென்றால் இந்த நொதி அதை உடைத்துவிடும். நொதி இல்லாதவருக்கு மணிக்கணக்கில் மூச்சுத் தசை அசையாது. முன்கூட்டியே தெரிந்தால் டாக்டர் வேறு மருந்து போடுவார், அவ்வளவுதான். ஒரு குடும்பத்துக்கு இதைவிட உபயோகமான ஆராய்ச்சி என்ன இருக்கிறது?

நான் புரிந்துகொண்டது

ஒன்று, இந்த நான்கு பேரில் மூளையைப் படிக்க வந்து மூளை ஆஸ்பத்திரியிலேயே இருந்தவர் ஒருவர்தான். மற்றவர்கள் ராகி, ஆமணக்கு, மலேரியா, மயக்க மருந்து என்று போனார்கள். தடம் மாறினார்கள் என்று சொல்ல மாட்டேன். கொண்டு போனது பாடத்தின் பெயரை இல்லை, கையை.

இரண்டு, இருந்தவரும் போனவர்களும் ஒருவருக்கொருவர் தேவை. பாலசுப்ரமணியன் வேலூரிலேயே இருந்திருக்காவிட்டால் பூபதியின் 1985 கட்டுரை இல்லை. அலம்னை பட்டியலில் நாம் 'எங்கே போனார்' என்று மட்டும்தான் பார்க்கிறோம்.

மூன்று, என் முறையில் ஒரு ஓட்டை உண்டு. கட்டுரை எழுதுகிறவர்தான் விலாசத்தில் தெரிவார். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தப் போனவர், கம்பெனியில் சேர்ந்தவர், கல்யாணமாகி லேப் வேலையை விட்டவர் யாரும் இந்த வலையில் விழமாட்டார்கள். தப்பித்து வந்த விமானங்களில் குண்டுத் துளைகளை எண்ணுகிற கதைதான். அதனால் பிஎச்.டி. படித்தால் எல்லாரும் சுரோலியா ஆகலாம் என்று யாராவது இதை வைத்துச் சொன்னால் நம்பாதீர்கள்.

அக்காவிடம் இதையெல்லாம் திண்ணையில் உட்கார்ந்து சொன்னேன். நேச்சர், விருது எதுவும் அவளை அசைக்கவில்லை. ராகியில் நிமிர்ந்து பார்த்தாள். மூன்றாவது விஷயத்தையும் மறைக்காமல் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அப்ப வேலைக்குக் கேரண்டி இல்லைன்னுதானே சொல்ற?"

"இல்லக்கா. கைக்குக் கேரண்டி உண்டு."

அக்கா மகள் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள் போல. வெளியே வந்து என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "மாமா, அந்த ராகி கட்டுரை இருந்தா எனக்கு அனுப்புங்க."

அனுப்பிவிட்டேன். அடுத்த மாதம் சேர்கிறாள்.