முதலாளி இல்லாத நிறுவனம்: ராபர்ட் ஆக்ஸ்டெல்லின் விதிகளுக்கு ஓர் உரை

நிறுவனங்கள் எப்படித் தோன்றுகின்றன என்பதைக் கணினிக்குள் வளர்த்துப் பார்க்கும் மாதிரி ஒன்றை 1999இல் ராபர்ட் ஆக்ஸ்டெல் முன்வைத்தார். அப்போது அவர் வாஷிங்டனின் புரூக்கிங்ஸ் ஆய்வு நிலையத்தில் இருந்தார். மாதிரிக்குள் நடமாடும் கற்பனை ஆட்களைத் துறையில் ஏஜென்ட் என்பார்கள். இங்கே ஆள் என்றே சொல்கிறேன். சமன்பாடுகளாக இருக்கும் விதிகளை என் சொற்களில் சுருக்கித் தந்து, அடியில் உரை எழுதியிருக்கிறேன்.

*தொடக்கத்தில் எல்லோரும் தனி ஆள்.*

பொருளியல் பாடநூலைத் திறந்தால் நிறுவனம் முதல் பக்கத்திலேயே தயாராக நிற்கும்; லாபத்தைப் பெருக்குவது அதன் வேலை. அது ஏன் இருக்கிறது என்பது கேள்வியே அல்ல. சந்தை என்று ஒன்று இருக்கும்போது நிறுவனம் எதற்கு என்று ரொனால்டு கோஸ் 1937இல் கேட்டார். ஆக்ஸ்டெல் அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு, நிறுவனமே இல்லாத ஓர் உலகத்தில் தொடங்குகிறார்.

*ஒவ்வொருவருக்கும் வருமானமும் வேண்டும், ஓய்வும் வேண்டும். எது எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் வேறு.*

பின்பாதிதான் முக்கியம். மாடாய் உழைப்பவரும் உண்டு, மதியத்துக்கு மேல் வேலையே ஓடாதவரும் உண்டு. எல்லோரையும் ஒரே அச்சில் வார்த்திருந்தால் பின்னால் வரும் இடப்பெயர்ச்சிகளுக்கு அர்த்தமே இருக்காது.

*சேர்ந்து உழைத்தால், தனித்தனியே உழைப்பதைவிடக் கூடுதலாக விளையும்.*

எளிய எண்களை வைத்துப் பார்ப்போம். மொத்த உழைப்போடு அதன் வர்க்கத்தைக் கூட்டினால் விளைச்சல் என்று கொள்வோம். ஒருவர் தனியே 0.5 அளவு உழைத்தால் விளைவது 0.75. அதே போல் உழைக்கும் இருவர் சேர்ந்தால் விளைவது 2, தலைக்கு 1. ஒரு துளி கூடுதலாக உழைக்காமலே ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு அதிகம். பத்துப் பேர் சேர்ந்தால் விளைவது 30, தலைக்கு 3. யார் கட்டளையும் இல்லாமல் ஆட்கள் ஒன்றுகூட இந்த வேறுபாடே போதும்.

*விளைந்ததைத் தலைக்குச் சமமாகப் பங்கிடுக.*

நியாயமாகத் தெரியும் இந்த விதியில்தான் வினை இருக்கிறது. மேலே கண்ட பத்துப் பேரில் ஒருவர் தன் உழைப்பை 0.5இலிருந்து 0.4 ஆகக் குறைக்கிறார் என்று வையுங்கள். தனியே இருந்தபோது இப்படிச் செய்திருந்தால் வருமானம் 0.75இலிருந்து 0.56க்கு விழுந்திருக்கும், கால் பங்கு போச்சு. இப்போதோ 3 என்பது 2.891 ஆகிறது, இழப்பு நான்கு சதவீதம்கூட இல்லை. இழப்பு பத்துப் பேர் தலையிலும் விழுகிறது, மிச்சமாகும் ஓய்வு அவருக்கு மட்டும். ஓபி அடிப்பது இங்கே குணக்கேடு அல்ல, கணக்கு. அவர் செய்யும் அதே கணக்கை மற்ற ஒன்பது பேரும் செய்வார்கள்.

விளைச்சல் முழுவதையும் உறுப்பினர்களுக்குள்ளேயே பிரித்துக்கொள்ளும் கூட்டு உழைப்பில், எந்தப் பங்கீட்டு முறையும் இந்தச் சிக்கலை முழுதாகத் தீர்க்காது என்று பெங்ட் ஹோம்ஸ்ட்ரோம் 1982இல் நிறுவினார். எனவே சமப் பங்கை மாற்றினால் சரியாகிவிடும் என்று அவசரப்பட வேண்டாம்.

*அவ்வப்போது ஒருவர் விழித்து மூன்று வழிகளை ஒப்பிடுவார்: இருக்கும் இடத்தில் இருப்பது, தெரிந்தவர் வேலை செய்யும் நிறுவனத்தில் சேர்வது, தனியே தொடங்குவது. அவருக்கு எது நல்லதோ அது.*

மாதிரியின் உயிர் இந்த விதி. முழுச் சந்தையையும் அறிந்த ஞானி யாரும் இங்கே இல்லை. தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான். வேலை பற்றிய செய்தி அவர்கள் வழியாகத்தான் வரும்.

நன்றாக ஓடும் நிறுவனத்துக்கு ஆட்கள் வந்து சேர்கிறார்கள். ஆள் கூடக் கூட ஒருவரின் உழைப்புக்கும் அவர் பங்குக்கும் உள்ள தொடர்பு மெலிகிறது, ஓபி பெருகுகிறது. முதலில் வெளியேறுகிறவர் நன்றாக உழைப்பவர். பிறர் சோம்பலால் அதிகம் இழப்பவர் அவர்தான். அவர் தனியே தொடங்குவதோ சேரும் சிறு குழுவோ அடுத்த வளர்ச்சிக்கு வித்தாகிறது. விட்டுவந்த நிறுவனம் சரிகிறது. ஆக, நிறுவனத்தைக் கொல்லப் போட்டியாளர் வேண்டியதில்லை, அதன் வெற்றியே போதும். ஆட்கள் எந்த இடத்திலும் நிலைகொள்வதில்லை. பொருளியல் தேடும் சமநிலை கைக்கு எட்டுவதே இல்லை.

ஆனால் மொத்தமாகப் பார்த்தால் நிறுவன அளவுகளின் பரவல் ஏறக்குறைய ஒரே வடிவில் நிற்கிறது. மிகச் சிறியவை ஏராளம், மிகப் பெரியவை வெகு சில. 1997ஆம் ஆண்டு அமெரிக்கக் கணக்கெடுப்புத் தரவிலும் இதே வடிவம் இருப்பதை ஆக்ஸ்டெல் 2001இல் 'சயின்ஸ்' இதழில் காட்டினார்: அளவு பத்து மடங்கானால், அவ்வளவோ அதற்கு மேலோ பெரிய நிறுவனங்களின் எண்ணிக்கை ஏறத்தாழப் பத்தில் ஒன்றாகும். பின்னாளில் 12 கோடி ஆட்களை ஓடவிட்டபோது அவர்கள் ஏறக்குறைய 60 லட்சம் நிறுவனங்களாகத் திரண்டார்கள். அமெரிக்கத் தனியார் துறையின் அளவு அது.

வடிவம் பொருந்தியதற்காகவே இதை நம்பச் சொன்னால் நான் ஏற்கமாட்டேன். நிறுவனங்கள் தற்செயலான விகிதங்களில் வளர்கின்றன என்று மட்டும் வைத்துக்கொண்டு, மனிதர்களே இல்லாமல், இதுபோல் சாய்ந்த பரவலை 1931இலேயே ரொபேர் ஜிப்ரா வருவித்துவிட்டார். ஆக்ஸ்டெல் கூடுதலாகத் தருவது காரணத்தை: ஜிப்ரா தற்செயல் என்று விட்ட இடத்தில் ஒருவர் சேர்வதும், சோர்வதும், விலகுவதும் தெரிகின்றன.

*வந்தவரை மறுக்காதே.*

இந்த விதி அடிப்படை மாதிரியில் தனியாக எழுதப்படவில்லை. பழைய உரைகாரர்கள் உய்த்துணர வைப்பு என்பார்களே, அந்த வகை. சேர விரும்பியவர் சேர்ந்துவிடுகிறார். நேர்காணல் இல்லை, 'ஆள் தேவையில்லை' என்ற பலகை இல்லை. எங்கும் பிடிக்காவிட்டால் தனியே தொடங்கலாம். முதலீடு கேட்பார் இல்லை. அதனால் இந்த உலகத்தில் வேலையில்லாத ஒருவர்கூடக் கிடையாது. நிறுவனத்தின் பிறப்பு இறப்புக்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் கண்டதில்லை. ஆனால் உழைப்புச் சந்தையின் மாதிரி என்று இதைச் சொல்லத் தயங்குவேன்.

அந்தக் குறைக்கு வேறிடம் போக வேண்டும். டொமெனிக்கோ டெல்லி காட்டியும் உடன் ஆய்வாளர்களும் 2011இல் நூலாக்கிய மாதிரியில் கூலி உண்டு, காலியிடம் உண்டு, மறுப்பும் உண்டு. வேலை தேடுபவர் சில நிறுவனங்களின் கதவை மட்டுமே தட்டுகிறார், கூலி அதிகம் தருவதை முதலில். அவர் போன இடமெல்லாம் நிரம்பிவிட்டிருந்தால், போகாத ஓரிடத்தில் காலியிடம் கிடந்தாலும், அந்தச் சுற்று முடியும்போது அவருக்கு வேலை இல்லை.