சித்திரக்காரர் பிராங்க் ஹாம்ப்ஸன்

சரித்திரம் என்றவுடன் அரசர்களையும் போர்களையும் மட்டுமே நினைக்கும் வழக்கம் நம்மிடம் நெடுநாளாக இருந்து வருகிறது. தூரிகையால் ஊதியம் தேடியவர்களின் வாழ்விலும் சரித்திரம் உண்டு. லட்சக்கணக்கான சிறுவர்களின் உள்ளத்திலே ஒரு வான வீரனை உலவவிட்டு, அவ்வீரன்மீது யாதோர் உரிமையுமின்றி விலகிய ஓர் ஆங்கிலச் சித்திரக்காரரின் வரலாற்றை வாசக நேயர்கள் முன் வைக்கிறேன்.

பிராங்க் ஹாம்ப்ஸன் 1918-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் தேதி மான்செஸ்டர் நகரை அடுத்த ஆடன்ஷா என்னும் ஊரில் பிறந்தார். சவுத்போர்ட் என்னும் கடற்கரைப் பட்டணத்தில் வளர்ந்தார். தந்தையார் போலீஸ் உத்தியோகஸ்தர். பிள்ளைப் பருவம் கழியுமுன்னரே பள்ளியை விட்டுத் தபால் இலாகாவில் தந்தி கொண்டு செல்லும் வேலைக்குச் சேர்ந்தார். அவருடைய தொடக்க காலச் சித்திரங்களுள் சில, தபால் ஊழியர் சங்கத்தின் பத்திரிகையிலே வெளிவந்தவை. ஒரு தொழிற்சங்கத்தின் ஏடு இவருக்கு முதற்பயிற்சிக் களமாக அமைந்தது என்பதை நாம் கவனித்தல் வேண்டும்.

இரண்டாம் உலக யுத்தத்தில் இராணுவத்தில் சேர்ந்து, டன்கர்க் கரையிலிருந்து மீண்டவர்களுள் இவரும் ஒருவர். யுத்தத்தின் இறுதிக் காலத்தில் ஆண்ட்வெர்ப் நகரில் ஜெர்மானியரின் ராக்கெட்டுகளைக் கண்டார். அழிவுக்கென்று செய்யப்பட்ட அக்கருவியே மனிதனை வானுலகங்களுக்கு ஏற்றிச் செல்லும் வாகனமாகும் என்ற எண்ணம் அவருள் வேரூன்றிற்று. யுத்தம் முடிந்தபின் 1946-இல் சவுத்போர்ட் கலைப்பள்ளியில் மாணவரானார்.

அவ்வூரை அடுத்த பர்க்டேலில் மார்கஸ் மாரிஸ் என்ற பாதிரியார் இருந்தார். அமெரிக்காவிலிருந்து வந்து குவிந்த கொலையும் கொடூரமும் நிறைந்த சித்திரக் கதைகள் சிறுவரைக் கெடுக்கின்றன என்று 1949-இல் பத்திரிகையில் எழுதிப் பலரைத் தட்டி எழுப்பியவர் அவர். தீயதைத் தடுக்க வேண்டுமென்று கூச்சலிடுவதோடு அவர் நிற்கவில்லை. நல்லதைச் செய்து காட்டத் துணிந்தார். அவரும் ஹாம்ப்ஸனும் சேர்ந்து ஒரு மாதிரி இதழைத் தயாரித்தனர். லண்டன் பதிப்பாளர் பலர் கைவிரித்தபின் ஹல்டன் நிறுவனம் அதை ஏற்றது. 1950-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் தேதி ‘ஈகிள்’ வார இதழ் பிறந்தது. விலை மூன்று பென்ஸ். முதல் இதழ் ஏறத்தாழ 9 லட்சம் பிரதிகள் விற்றது.

அதன் முகப்பிலே வண்ணத்தில் வந்தவன்தான் டான் டேர். தொடக்கத் திட்டத்தில் ஏழைகள் வாழும் கிழக்கு லண்டனில் பணிபுரியும் ஒரு பாதிரியாக எண்ணப்பட்ட பாத்திரமே பின்னர் வானப்படைத் தலைவனாக மாறிற்று. முதற்கதையின் கருப்பொருள் யாது? உலகத்தில் உணவுப் பஞ்சம். உணவு தேடி வெள்ளிக் கிரகத்திற்குப் பயணம். 1954 வரையில் பங்கீட்டு அட்டையோடு கடையில் வரிசை நின்ற இங்கிலாந்து மக்களின் பசியே அக்கதைக்கு வித்து. கூட்டத்திலே பீபாடி என்ற பெண் விஞ்ஞானியும் இருந்தாள்; சமையற்கட்டுக்கு அனுப்பப்படாமல், ஆண்களுக்குச் சமமாக அறிவால் வழிகாட்டினாள். பகைவனாகிய மீக்கனோ பெருந்தலையும் சிற்றுடலும் கொண்டவன். இரக்கமற்ற அறிவு என்ன செய்யும் என்பதற்கு அவன் எடுத்துக்காட்டு.

வாரத்திற்கு இரண்டே பக்கங்கள். அவற்றிற்காகப் பட்ட பாடோ பெரிது. சவுத்போர்ட்டில் பழைய ரொட்டிக் கிடங்கு ஒன்றே முதல் சித்திரசாலை. ஹாம்ப்ஸன் ஒவ்வொரு கட்டத்தையும் தம் கையால் முதலில் வரைவார். பின் உதவியாளர் அந்நிலைகளில் நிற்க, புகைப்படம் எடுக்கப்படும். வான ஓடங்களுக்கு மாதிரி உருவங்களும் செய்யப்பட்டன. அவருடைய தந்தையாரே படைத்தலைவர் சர் ஹியூபர்ட்டுக்கு முகம் கொடுத்தார். மகன் பீட்டர் ஒரு சிறுவன் பாத்திரத்திற்கு மாதிரியானான். கிரெட்டா டாம்லின்சன், ஹரால்ட் ஜான்ஸ், டான் ஹார்லி முதலிய உதவியாளர் உடன் உழைத்தனர். வேலையின் பாரத்தால் நோயுற்று, ஒரு கதையையே உதவியாளரிடம் விடும்படி ஹாம்ப்ஸனுக்கு நேர்ந்தது.

இனி, துயரப் பகுதிக்கு வருவோம். டான் டேரின் பெயரில் பொம்மைகளும் விளையாட்டுத் துப்பாக்கிகளும் கடைகளிலே குவிந்தன. ஆனால் பதிப்புரிமை நிறுவனத்தினுடையது. படைத்தவருக்குக் கிடைத்தது வேலைக்குரிய சம்பளமே. இலாபத்திலே பங்கு இல்லை. ஒப்பந்தத் தாளில் கையெழுத்திடுவதன் பொருளைத் தோட்டத்து வாசகர்களுக்கு நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

1959-இல் நிறுவனம் ஓடம்ஸ் என்ற வேறு முதலாளிகள் கைக்குப் போயிற்று. இத்துணைச் செலவு எதற்கு என்று கேட்டனர் புதியவர்கள். அவ்வாண்டிலேயே ஹாம்ப்ஸன் டான் டேரை விட்டு நீங்கினார். சித்திரசாலைக் கூட்டம் கலைந்தது. பின்னர் இயேசுவின் வாழ்வைச் சித்திரத் தொடராக வரைந்து, அது 1961-இல் முடிந்ததும் ‘ஈகிளை’யும் விட்டு விலகினார். வீரனோ அங்கேயே இருந்தான். வேறு கைகள் அவனை வரைந்தன.

பிற்காலத்தில் லேடிபேர்ட் நிறுவனத்தின் சிறுவர் நூல்களுக்குப் படம் வரைந்தார். 1970-இல் புற்றுநோய் கண்டு, அதினின்று மீண்டு, ஈவெல் நகரின் தொழிற்கல்லூரி ஒன்றில் சித்திரப் பகுதி ஊழியராக வேலை பார்த்தார். 1975-இல் இத்தாலியிலுள்ள லூக்கா நகரில் கூடிய பன்னாட்டுச் சித்திரக்கதை மாநாடு, யுத்தத்திற்குப் பிந்திய கலைஞர்களுள் தலைசிறந்தவராக இவரைப் பாராட்டிற்று. அதன்பின்னரும் படிப்பை விடாது, அறுபதாம் வயதில் திறந்தவெளிப் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றார். 1985 ஜூலை 8-ஆம் தேதி காலமானார்.

முதல் போட்டவர்க்கும் நியாயம் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. வண்ண அச்சும் விநியோகமும் பணமின்றி நடவா. நட்டம் வந்திருப்பின் அது முதலாளியையே சார்ந்திருக்கும். ஆயினும், வாரந்தோறும் சிறுவர் காசு கொடுத்து வாங்கியது அந்தத் தூரிகையின் உழைப்பை அன்றோ? சம்பளம் அன்றைய உழைப்புக்கு விலை. படைப்போ மறுநாளும் மறு ஆண்டும் பலன் தருவது. அப்பலனில் படைத்தவனுக்கும் ஒரு பங்கு விட்டிருந்தால் எந்த முதலும் முழுகியிராது.

நம் பிள்ளைகளுள்ளும் சிலேட்டில் படம் எழுதுவோர் உண்டு. அவர்களை வீண் பொழுது போக்குகிறாய் என்று அதட்டாதீர்கள். கையில் தூரிகை கொடுங்கள்; அதனோடு, கையெழுத்திடுமுன் தாளை முற்றும் வாசிக்கும் கல்வியையும் கொடுங்கள்.