எல்.இ.டி. – உணரி வீட்டுச் சுற்றுகள்

எல்.இ.டி. விளக்கையும் உணரியையும் சிறு மின்கலத்தோடு இணைத்து, ஆர்வலர்கள் வீட்டிலேயே செய்து பார்க்கும் மின்னணு அமைப்புகள். சென்னை ரிச்சி தெருவில் இவற்றுக்கான உதிரிபாகங்கள் சில்லறையாகவே கிடைக்கும். 2005இல் இத்தாலியின் இவ்ரேயாவில் உருவான ஆர்டுயினோ எனும் நுண்கட்டுப்படுத்திப் பலகை, பள்ளி மாணவருக்கும் மின்னணு உலகின் கதவைத் திறந்துவிட்டது.

சிவப்பு எல்.இ.டி. சுமார் 2 வோல்ட்டில் ஒளிரும். 5 வோல்ட் மின்சாரத்தில் 220 ஓம் மின்தடையைச் சேர்த்தால் ஏறத்தாழ 14 மில்லிஆம்பியர் பாயும். தடை இல்லையேல் விளக்கு கருகிவிடும். இருட்டியதும் தானே எரியும் விளக்குக்கு எல்.டி.ஆர். எனும் ஒளியுணர் மின்தடை போதும், ஒளி பட்டால் அதன் தடை குறையும். ஆள் நடமாட்டத்தை அறிய, உடல் வெப்பத்தின் அகச்சிவப்புக் கதிரை உணரும் பி.ஐ.ஆர். உணரி பயன்படும்.

விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் போன்ற உப்பளக் கரைகளில் கூடுதல் கவனம் வேண்டும். உப்புக்காற்று ஈரத்தைப் பிடித்து வைத்து, செம்புத் தடங்களை அரிக்கும். சுற்றுப்பலகைக்கு வார்னிஷ் பூச்சும் இறுக மூடிய பெட்டியும் அவசியம்.

தொட்டி நீர்மட்டங்காட்டியில் தண்ணீரே மின்பாதை. இரு கம்பிகளை நீர் தொட்டதும் பிசி547 டிரான்சிஸ்டர் இயங்கி எல்.இ.டி. எரியும். உவர்நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். ஆனால் நேர்மின்னோட்டம் தொடர்ந்து பாய்ந்தால் நேர்முனைச் செம்புக்கம்பி கரைந்துபோகும். எனவே துருப்பிடிக்காத எஃகுக் கம்பியைப் பொருத்தி, பொத்தானை அழுத்தும்போது மட்டும் மின்சாரம் செல்லுமாறு அமைப்பது நல்லது. 230 வோல்ட் வீட்டு மின்சாரத்தை இத்தகைய நீர்க்கம்பிகளில் ஒருபோதும் இணைக்கக் கூடாது.