யார் ஊசி போடலாம்? தமிழ்நாட்டில் பேறுகால அவசரப் பயிற்சியின் வரலாறு

பாஞ்சாலங்குறிச்சியை 1799, 1801 ஆம் ஆண்டுப் போர்களுக்காக ஆய்வாளர்கள் பலமுறை எழுதிவிட்டார்கள். இக்கட்டுரை அதே ஊரில் நின்று வேறொன்றைக் கேட்கிறது. ஊருக்குப் பக்கத்தில் ஒட்டப்பிடாரம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமானால் சுமார் 20 கி.மீ. தள்ளித் தூத்துக்குடி. பிள்ளை பிறந்தபின் உதிரப்போக்கு நிற்காவிட்டால், சிகிச்சை இல்லாத நிலையில் தாய் இரண்டு மணி நேரத்துக்குள் இறந்துவிடலாம். மூச்செடுக்காத சிசுவுக்குச் சில நிமிடங்களே கெடு. அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்பவர் யார், அவருக்கு என்ன தெரியும், எதைச் செய்ய அவருக்கு அனுமதி உண்டு? முதல் இரண்டு கேள்விகளையும் பயிற்சி வரலாறு ஓரளவு பேசியிருக்கிறது. மூன்றாவதைப் பெரும்பாலும் விட்டுவிட்டது. ஆனால், உயிரிழப்பு குறைந்த கதையின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

சென்னையில் மகப்பேற்று மருத்துவமனை 1844இல் தொடங்கியது. மருத்துவச்சிகளுக்கான பயிற்சிப் பள்ளிக்கு அரசு 1854இல் ஒப்புதல் தந்தது. பாடநூல் இல்லாமல் பயிற்சி இல்லை என்பதை அந்தத் தலைமுறை உணர்ந்திருந்தது. கான்குவெஸ்ட் எழுதிய பேறுகால நூலை எட்வர்டு பால்ஃபர் இந்துஸ்தானியில் ஆக்கியதோடு தமிழ், தெலுங்கு, கன்னட மொழிபெயர்ப்புகளுக்கும் ஏற்பாடு செய்தார். கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், மான்செல் எழுதிய மகப்பேற்று நூலைத் தமிழாக்கி 1857இல் வெளியிட்டார். சென்னை மருத்துவமனையில் பேறுகாலப் பயிற்சி பெற்ற மேரி ஷார்லீப் 1875இல் மற்ற மூன்று பெண்களோடு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

பயிற்சி பெற்றவர்கள் பெரும்பாலும் நகரங்களிலேயே தங்கினார்கள். கரிசல் காட்டு ஊர்களில் வலி கண்டதும் ஆள் அனுப்பி அழைக்கப்பட்டவர், மருத்துவர் சமூகத்தைச் சேர்ந்த மருத்துவச்சி. தாயிடமிருந்து மகளுக்கு வந்த தொழில். கூலி பெரும்பாலும் தானியமாக. மரியாதையோ பேறுகாலம் முடியும் வரைதான். காலனிய மருத்துவர்கள் தாய்மார் சாவுக்கான பழியில் பெரும்பங்கை அவர் தலையில் சுமத்தினார்கள். 1903இல் தொடங்கிய விக்டோரியா நினைவு உதவித்தொகை நிதி, தாய்மாரைக் காக்கப் பரம்பரைத் தாதிகளைத் திருத்தினால் போதும் என்ற எண்ணத்தில் பிறந்தது. அந்தக் குற்றச்சாட்டு பாதி நியாயம்தான். அழுக்குக் கையால் சீழ்க்காய்ச்சலும், அழுக்குக் கத்தியால் சிசுவுக்கு இசிவு நோயும் வந்தது மெய். ஆனால் கருப்பையைச் சுருங்கவைத்து உதிரத்தை நிறுத்தும் எர்கோமெட்ரின் 1935இல்தான் பிரித்தெடுக்கப்பட்டது. பெரிய ஆஸ்பத்திரியின் கையிலேயே நம்பத் தகுந்த மருந்து இல்லாத காலத்தில், குடிசையில் இருந்தவரை மட்டும் குற்றவாளி ஆக்கியது அநியாயம்.

1926இல் சென்னை மாகாணச் செவிலியர், மருத்துவச்சிகள் சட்டம் வந்தது. 1939இன் பொதுச் சுகாதாரச் சட்டம் தாய் சேய் நலத்துக்கெனத் தனி அத்தியாயம் வைத்தது. விடுதலைக்குப் பின், கிராமத்துத் தாதிகளுக்கு 30 வேலை நாள் பயிற்சி, 300 ரூபாய் உதவித்தொகை, ஒரு பேறுகாலப் பெட்டி, ஒரு சான்றிதழ் என்ற திட்டம் நாடெங்கும் நடந்தது. பயிற்சிக் காலத்திலேயே குறைந்தது இரண்டு பேறுகாலமாவது பார்த்துக் காட்ட வேண்டும். பாடத்தின் மையம் ஐந்து சுத்தம்: கை, விரிப்பு, பிளேடு, தொப்புள்கொடி கட்டும் நூல், அறுத்த தொப்புள்கொடி. இதனால் சிசுக்களின் இசிவு நோய் குறைந்ததை மறுக்கக் கூடாது. ஆனால் உதிரம் கொட்டினால்? தாய்க்கு ஜன்னி (வலிப்பு) கண்டால்? பிள்ளை அழாவிட்டால்? அந்தப் பாடத்தில் இருந்த பதில் ஒன்றுதான்: ஆஸ்பத்திரிக்கு அனுப்பு. ராத்திரியில் வண்டி கிடைக்காத ஊருக்கு அது விடையே இல்லை.

வேறு நாடுகள் வேறு வழியில் போயிருந்தன. சுவீடன் 1829லேயே மருத்துவச்சிகள் பேறுகாலக் கருவிகளைக் கையாள உரிமம் தந்தது. இலங்கை 1926இல் களுத்துறையில் சுகாதாரப் பிரிவைத் தொடங்கி, பயிற்சி பெற்ற மருத்துவச்சியை வீட்டு வாசல் வரை கொண்டுபோனது. உலக அளவில் தாய் சேய் நலத் திட்டங்களில் தாய் எங்கே என்று ஆய்வாளர்கள் ரோசன்ஃபீல்டும் மெய்னும் 1985இல் கேட்ட கேள்விக்குப் பிறகுதான் அவசரச் சிகிச்சை பேசுபொருளானது.

தமிழ்நாட்டில் திருப்பம் 2000க்குப் பின் வந்தது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியர்கள் முறைவைத்து 24 மணி நேரமும் பேறுகாலம் பார்க்கும் ஏற்பாடு பரவியது. 2005 வாக்கில் மத்திய அரசின் வழிகாட்டுதல், மருத்துவர் வரக் காத்திராமல் சில உயிர்காப்பு மருந்துகளைத் தாமே தரச் செவிலியருக்கும் துணைச் செவிலியருக்கும் இடம் கொடுத்தது. கைக்கட்டு அவிழ்ந்தது என்பதே இதன் பொருள். ஜன்னி கண்ட தாய்க்கு மெக்னீசியம் சல்பேட் முதல் தவணை 10 கிராம்: இரு பிட்டங்களிலும் ஐந்து ஐந்து கிராமாக, ஆழமாகத் தசையில். அதைப் போட்டுவிட்டுத்தான் ஆம்புலன்ஸில் ஏற்ற வேண்டும். வழியில் மறுபடி வலிப்பு வராமல் காப்பது அந்த ஊசிதான். உதிரப்போக்குக்கு ஆக்சிடோசின் 10 யூனிட்.

சிசுவுக்கான பயிற்சி 2009இல் இரண்டு நாள் தேசியத் திட்டமாக வந்தது. பிறக்கும் பிள்ளைகளில் பத்தில் ஒன்றுக்கு முதல் மூச்செடுக்கச் சிறிய உதவியாவது தேவைப்படும். துடைத்து, சூடு காத்து, முதுகைத் தேய்த்தும் அழாவிட்டால், முதல் நிமிடத்துக்குள் பையும் முகமூடியும் கொண்டு காற்றூட்ட வேண்டும், நிமிடத்துக்கு 40 முதல் 60 தடவை. முகமூடி கன்னத்தோடு சரியாகப் படியாவிட்டால் காற்று பக்கவாட்டில் போய்விடும், நெஞ்சு எழும்பாது. பொம்மையின் முகத்தில் விரல் வைத்து அழுத்தும்போதுதான் செவிலியருக்கு இது புரிகிறது. படித்துத் தெரிந்துகொள்ளக்கூடியதல்ல, கை பழக வேண்டியது.

தமிழ்நாட்டில் ஒவ்வொரு தாய் இறப்பையும் விசாரிக்கும் வழக்கம் 1990களில் வேரூன்றியது. ஆட்சியர் முன்னிலையில் இறந்தவரின் குடும்பத்தாரே நடந்ததைச் சொல்லும் கூட்டம், எந்த இடத்தில் தாமதமானது என்பதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. லட்சம் உயிர்ப்பேறுகளுக்கு 2001-03இல் 134 ஆக இருந்த தாய் இறப்பு, 2018-20இல் 54 ஆனது. பயிற்சி மட்டும் இதைச் செய்யவில்லை. 2008இல் வந்த 108 ஆம்புலன்ஸ், மாவட்டந்தோறும் அமைந்த அவசரப் பேறுகால மையங்கள், இரத்த வங்கிகள், முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவித்தொகை, பெண்கல்வி எல்லாம் சேர்ந்த பலன் இது. தூத்துக்குடிக்கே அரசு மருத்துவக் கல்லூரி 2000இல்தான் வந்தது. அதுவரை மருத்துவக் கல்லூரி என்றால் 1965இல் தொடங்கிய திருநெல்வேலிக் கல்லூரிக்குத்தான் போக வேண்டும்.

2019-21 ஆய்வுப்படி மாநிலத்தில் 99.6 விழுக்காட்டுப் பேறுகாலங்கள் மருத்துவமனைகளிலேயே நடக்கின்றன. வெற்றிதான்; கூடவே ஒரு சிக்கலும். ஊரார் ‘நர்சம்மா’ என்று கூப்பிடும் கிராம சுகாதாரச் செவிலியர் இப்போது பேறுகாலம் பார்ப்பது அபூர்வம். சிறிய சுகாதார நிலையங்களிலும் பேறுகால எண்ணிக்கை குறைவு. பழக்கம் விட்ட கை அவசரத்தில் தடுமாறும். 24 மணி நேரத் திட்டத்தையே தொகுப்பூதியச் செவிலியர்களை வைத்துத்தான் தொடங்கினோம் என்பதையும் மறக்கக் கூடாது. இரவுப் பணியில் தனியாக நிற்கும் செவிலியருக்கு நிரந்தரப் பணி கொடுங்கள்; பொம்மையும் முகமூடியும் வைத்து மாதந்தோறும் ஒத்திகை நடத்துங்கள்; அந்த ஒத்திகையை ஒட்டப்பிடாரம் போன்ற வட்டாரங்களிலிருந்து தொடங்குங்கள்.