முத்திரை வாசகமும் பொறுப்பும்: ஹயாட் ரீஜென்சி தீர்ப்பின் மறுவாசிப்பு

ஷாப் டிராயிங்கின் மீது இடும் பரிசீலனை முத்திரையின் வாசகத்தைக் குறுக்கினால், கட்டுமானக் கட்டத்தில் கட்டடக்கலைஞரின் பொறுப்பும் குறுகும் என்று நெடுங்காலமாக எழுதப்பட்டு வருகிறது. வடிவமைப்புக் கருத்தோடு இசைகிறதா என்பதை மட்டுமே பார்த்ததாகச் சொல்லும் வாசகங்கள் இந்த நம்பிக்கையில் பரவியவை. இதற்குச் சான்றாகக் காட்டப்படுவது, கான்சஸ் சிட்டி ஹயாட் ரீஜென்சி விடுதியின் நடைபாலங்கள் 1981 ஜூலை 17 அன்று சரிந்து 114 பேர் இறந்ததையொட்டி எழுந்த வழக்கு. அதில் மிசௌரி மேல்முறையீட்டு நீதிமன்றம் 1988-இல் அளித்த தீர்ப்பு இந்த முடிவுக்கு இடமளிக்கவில்லை என்பதே என் வாதம்.

முதல் வடிவமைப்பில், கூரையிலிருந்து இறங்கிய ஒரே கம்பி நான்காம் தளப் பாலத்தையும் அதற்கு நேர்கீழே இருந்த இரண்டாம் தளப் பாலத்தையும் தாங்கியது. ஃபேப்ரிகேட்டரின் வரைபடத்தில் அது இரு கம்பிகளாகப் பிரிந்தது. கீழ்ப்பாலம் மேல்பாலத்தின் பெட்டி உத்திரத்திலிருந்து தொங்கவே, உத்திரத்தின் அடியிலிருந்த நட்டின் மேல் சுமை இரட்டித்தது. 42 வரைபடங்கள் 1979 பிப்ரவரி 16 அன்று பொறியாளர் நிறுவனத்துக்குச் சென்று, 26 அன்று முத்திரையோடு திரும்பின.

அந்தப் பத்து நாட்களில்தான் பிழை நேர்ந்தது என்பது முந்தைய வாசிப்பு. ஆனால் முதல் வடிவமைப்பே நகரக் கட்டட விதி கோரிய வலிமையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டைத்தான் எட்டியிருக்கும் என்று நேஷனல் பியூரோ ஆஃப் ஸ்டாண்டர்ட்ஸ் 1982-இல் காட்டியது. ஷாப் டிராயிங் வருவதற்கு முன்பே இணைப்பு குறைபட்டிருந்தது. மாற்றம் அந்தக் குறையைப் பேரழிவாக்கியது.

தீர்ப்பின் மையமும் இங்கேதான் இருக்கிறது. எஃகு இணைப்புகளை ஃபேப்ரிகேட்டரே வடிவமைப்பது தொழில் வழக்கம் என்று பொறியாளர் தரப்பு வாதிட்டது. வடிவமைப்பு வரைபடத்தில் தொழில்முத்திரை இட்டவரைச் சட்டமே பொறுப்பாளியாக்கும்போது, வழக்கத்தைக் காட்டி அப்பொறுப்பை இடம் மாற்ற முடியாது என்று நீதிமன்றம் கொண்டது. ஷாப் டிராயிங்கைச் சரிபார்க்கத் தவறியதும் குற்றமாகவே கணக்கிடப்பட்டது; அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கடமை பிறந்த இடம் தொழில்முத்திரை. பரிசீலனை முத்திரையில் எத்தனை வரையறைகளை எழுதியிருந்தாலும் முன்னதை அவை தொட்டிருக்கா.

இது பொறியாளர் விவகாரம், கட்டடக்கலைஞருக்குப் பொருந்தாது என்பாரும் உண்டு. வழக்கின் எதிர்த்தரப்பு, கட்டடக்கலைஞர்களையும் பொறியாளர்களையும் நில அளவையாளர்களையும் ஒருங்கே ஆளும் மாநில வாரியம். இந்த மறுப்பை அதற்கு மேல் பொருட்படுத்த வேண்டியதில்லை.

இன்னொரு மறுப்பு கனமானது: தளத்தில் அதிகம் நின்றால் ஒப்பந்தக்காரரின் வேலைமுறைக்கும் பொறுப்பேற்க நேரும். அந்த அச்சம் முற்றிலும் வெறுமையானதன்று. ஆயினும் இந்தத் திட்டத்தில் தளப் பிரதிநிதி வேண்டும் என்று பொறியாளர்கள் மும்முறை கேட்டும், செலவைக் காரணம் காட்டி உரிமையாளர் தரப்பு மறுத்தது. 1979 அக்டோபரில் ஏட்ரியக் கூரையின் ஒரு பகுதி கட்டுமானத்தின்போதே சரிந்தது. அதன் பின்பும் நடைபாலத்தின் இணைப்பை எவரும் கணக்கிட்டுப் பார்க்கவில்லை. விலகி நின்றது யாரையும் காக்கவில்லை.

ஒரு மாநிலத்தின் சட்டத்தை வைத்து எல்லா ஊர்களுக்கும் விதி செய்ய இயலாது. பொறுப்பின் பங்கீடு இடத்துக்கு இடம் வேறுபடும். ஆனால் தீர்ப்பு சுட்டும் திசையைத் தயங்காமல் சொல்லலாம். ஒவ்வோர் இணைப்பையும் யார் கணக்கிடுவார் என்பதை டெண்டருக்கு முன்பே வரைபடத்தில் பெயர் சொல்லிக் குறிக்க வேண்டும். சுமை இறங்கும் பாதையை மாற்றும் எந்த ஷாப் டிராயிங்கையும் கணக்குத்தாள் இல்லாமல் ஏற்கக் கூடாது. தளப் பிரதிநிதியை உரிமையாளர் மறுத்தால், அதன் விளைவுகளை எழுத்தில் விளக்கி, மறுப்பையும் எழுத்தில் பெற வேண்டும். முத்திரை வாசகத்தைச் செதுக்குவதில் செலவாகும் உழைப்பு இந்த மூன்றுக்கும் செல்லட்டும். கட்டடக்கலைஞரையும் கட்டடத்துக்குள் நடப்பவரையும் சேர்த்துக் காக்கும் வழி அதுவே.