மழையைக் கணித்தோர் சரித்திரம்

வரப்போகும் மழையைத் திட்டமாய்ச் சொல்ல இயலாதெனின், அதன்பொருட்டு இன்றே பணஞ் செலவிடுவானேன் என வினவுவோர் எக்காலத்தும் உளர். உலகம் வெப்பமடைவதைப்பற்றி இன்று எழும் வாதமும் இதுவே. இதன் பெறுமதியை அறிய விரும்பும் நேயர்களைச் சென்னை மாகாணத்தின் பழைய சரித்திரத்துக்கு அழைக்கின்றோம். நம் தோட்டங்களிலும் பட்டினங்களிலும் வாழும் பல குடும்பங்களின் முன்னோர் கப்பலேறிய நாடு அதுவன்றோ!

1876-ல் மழை பொய்த்தது. 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில் மாண்டோர் 50 லட்சத்துக்கு மேல் என்பர். 1877-ல் ஹண்டர் துரை, சூரியனில் தோன்றும் புள்ளிகள் 11 ஆண்டுக்கொருமுறை குறையுங்கால் சென்னையில் பஞ்சம் வருமெனக் கணக்கிட்டு எழுதினார். பஞ்சாங்கத்தை நகைக்கும் கற்றோரிலும் இதனை நம்பினோர் உண்டு! அதே ஆண்டில் டெம்பிள் துரை, நிவாரண வேலைக்கு வந்த கூலியாளுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சில்லறைக் காசுமே போதுமென விதித்தார். குற்றத்தைச் சூரியன்மேல் ஏற்றிவிட்டால் ஆளுவோர் பொறுப்புக் குறையுமல்லவா?

வானிலை அதிகாரி பிளான்போர்டு இவரினும் நிதானமானவர். இமயமலையில் பனி மிகுந்தால் பருவமழை குறையுமெனக் கண்டு, 1886 ஜூன் 4-ந் தேதி முன்னறிவிப்பு வெளியிட்டார். அவருக்குப்பின் வந்த எலியட் 1899-ல் நல்ல மழை பெய்யுமென்றார். வந்ததோ கொடிய வறட்சி. 1904-ல் பதவியேற்ற கணித நிபுணர் வாக்கர், பசிபிக் சமுத்திரத்திலும் இந்து சமுத்திரத்திலும் காற்றழுத்தம் தராசுத் தட்டுகளைப்போல் மாறிமாறி ஏறியிறங்குவதைக் கண்டார். மகத்தான கண்டுபிடிப்புத்தான். ஆயினும் 1997-ல் பசிபிக் மிகச் சூடேறியும் இந்தியாவில் வழக்கமான மழை பெய்தது. வழக்கமான மழை வருமென எதிர்பார்த்த 2002-லோ 19 சதவீதம் குறைந்தது.

இவற்றினும் நாம் பெரிதாய் மதிப்பது வேறொன்று. 1880-ல் பஞ்சக் கமிஷன் அறிக்கை வெளிவந்தது; அதன்வழிப் பிறந்த பஞ்ச விதிகள் மழைக் கணிப்பை நம்பி நிற்கவில்லை. தானிய விலை ஏறுகிறதா, ஜனங்கள் ஊர்விட்டு அலைகின்றனரா என அதிகாரிகள் கவனிக்கவேண்டும். ஐயமெழின் சோதனை வேலைகளைத் திறக்கவேண்டும். ஆட்கள் திரண்டு வந்தால் பஞ்சம் மெய்யெனக் கொள்ளவேண்டும். கருமித்தனம் மிகுந்த விதிகளே அவை. 1899-1900-ல் அவை இருந்தும் பல லட்சம் பேர் மாண்டனர். எனினும் நாளை மழை எவ்வளவென அறியாமலே இன்று ஆயத்தஞ் செய்ய ஏலும் என்பதை ஏட்டில் எழுதிவைத்தவை அவை.

காற்றில் கரியமிலவாயு இருமடங்கானால் வெப்பம் 1.5 முதல் 4.5 டிகிரி வரை ஏறுமென 1979-ல் விஞ்ஞானிகள் மதிப்பிட்டனர். 2021-ல் அதனை 2.5 முதல் 4 வரை எனச் சுருக்கினர். அந்த 42 ஆண்டுகளில் அவ்வாயு பத்து லட்சத்தில் 337 பங்கிலிருந்து 416 பங்காகிவிட்டது.